மெடிக்கல் அசிஸ்டன்ஸில் ஸ்பீச் தெரபியும் காது மெஷினும் கிடைக்குமா?

2024 பிப்ரவரி 11 – வந்த கேள்வி

மகனுக்கு 2 வயது 4 மாதம். பென்சில்வேனியாவில் இருக்கிறோம், அவன் இங்கேதான் பிறந்தான். இரண்டு காதிலும் 55 டெசிபல் அளவுக்குக் குறை இருக்கிறது, காது மெஷின் போட வேண்டும் என்று கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் போன வாரம் சொன்னார். கணவரின் கம்பெனி இன்சூரன்ஸ் மெஷினுக்கு ஒரு டாலர் கூடத் தராதாம். ஸ்பீச் தெரபி வருடத்துக்கு 20 முறைதான். மெடிக்கல் அசிஸ்டன்ஸ் ஏழைகளுக்கு மட்டும்தான், உங்களுக்குக் கிடைக்காது என்கிறார்கள் தெரிந்தவர்கள். உண்மையா? இன்னொன்று. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்கிறார் தெரபிஸ்ட். என்ன செய்வது?

2024 பிப்ரவரி 11, இரவு

உண்மை இல்லை. நாடு முழுக்க மெடிக்கெய்ட் என்று சொல்லும் அரசு மருத்துவ இன்சூரன்ஸைத்தான் பென்சில்வேனியாவில் மெடிக்கல் அசிஸ்டன்ஸ் என்கிறார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு மத்திய அரசின் சோஷியல் செக்யூரிட்டி அலுவலக விதிப்படி குறைபாடு இருக்கிறது என்று காகிதத்தில் காட்டிவிட்டால், இந்த மாநிலத்தில் பெற்றோர் சம்பளத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். குழந்தையின் சொந்த வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன வருமானம் இருக்கப்போகிறது? இந்தப் பிரிவுக்குப் பெயர் பி.எச்.-95. பென்சில்வேனியா அரசின் காம்பஸ் இணையதளத்தில் இன்றைக்கே விண்ணப்பம் போடுங்கள்.

என் மகளுக்கு இப்போது 8 வயது. அவளுக்கும் இரண்டு காதிலும் 55-க்குப் பக்கம்தான். இதே கேள்வியோடு ஆறு மாதம் நான் அலைந்திருக்கிறேன். ஒவ்வொருவரும் "உங்கள் சம்பளத்துக்குக் கிடைக்காது" என்றார்கள், நானும் நம்பினேன். அந்த ஆறு மாதம் அவள் காதில் மெஷின் இல்லாமல் போனது. அதனால்தான் தூங்கப் போகாமல் இதை எழுதுகிறேன்.

21 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு மெடிக்கெய்ட் எல்லாவற்றுக்கும் பணம் தரும். மெஷின், பேட்டரி, தெரபி எல்லாம். மற்றதை நாளை எழுதுகிறேன்.

2024 பிப்ரவரி 12

நேற்று "எல்லாவற்றுக்கும்" என்று எழுதியது தப்பு, திருத்துகிறேன். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான அந்தச் சட்டத்துக்கு இபிஎஸ்டிடி என்று பெயர். 1967-இல் வந்தது, 1989-இல் பலப்படுத்தினார்கள். ஒரு குறையைச் சரிசெய்யவோ மேம்படுத்தவோ மருத்துவரீதியாகத் தேவைப்படுவதை மாநிலம் தர வேண்டும் என்பது அதன் சாரம். பெரியவர்களுக்குக் கிடைக்காத சேவையாக இருந்தாலும் பிள்ளைக்குத் தர வேண்டும். ஆகவே "மருத்துவத் தேவை" என்ற வார்த்தையில்தான் எல்லாமே நிற்கிறது. ஆடியாலஜிஸ்டும் டாக்டரும் எழுதும் கடிதத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். "மெஷின் போட்டால் நல்லது" என்று எழுதினால் போதாது. இந்தக் குறை, இந்த அளவு, இந்தக் கருவி இல்லாவிட்டால் பேச்சு இப்படிப் பின்தங்கும், ஆகவே மருத்துவத் தேவை என்று எழுதியிருக்க வேண்டும்.

"மேம்படுத்த" என்ற வார்த்தையையும் மனதில் வையுங்கள். காது கேளாமை குணமாகப்போவதில்லை, அதனால் தெரபி எதற்கு என்று வாதாடும் ஆட்கள் இருக்கிறார்கள். குணமாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மேம்பட்டால் போதும்.

அந்த வருடத்துக்கு 20 முறை என்ற கணக்கு கம்பெனி இன்சூரன்ஸுக்குத்தான். மெடிக்கெய்டில் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு எண்ணைக் காட்டி நிறுத்த முடியாது. இருபத்தொன்றாவது முறையும் தேவை என்று காட்டினால் தர வேண்டும்.

2024 பிப்ரவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். பி.எச்.-95 என்று போனில் சொன்னால் எடுப்பவர்கள் எல்லோருக்கும் புரிவதில்லை. விண்ணப்பத்தில் குழந்தைக்கு டிஸபிலிட்டி உண்டா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு "ஆம்" என்று போட வேண்டும். போடாவிட்டால் உங்கள் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுப்புக் கடிதம் அனுப்பிவிடுவார்கள். உங்கள் சம்பள விவரத்தையும் கேட்பார்கள், பயப்படாமல் கொடுங்கள். கேட்பது வேறு, கணக்கில் சேர்ப்பது வேறு.

அந்த ஒரு பெட்டியில் டிக் போட என் கணவருக்கு மூன்று வாரம் ஆனது. "நம்ம பொண்ணுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை" என்பார், மடிக்கணினியை மூடிவிடுவார். நான் அவரைக் குறை சொல்லவில்லை, எனக்கும் கை வரவில்லை. கடைசியில் ஒரு ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டோம். யாரும் எதுவும் பேசவில்லை.

2024 பிப்ரவரி 14

இனி தமிழ் விஷயம். இதை அவசரமாக எழுத விரும்பவில்லை, அதனால்தான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

தமிழை நிறுத்தாதீர்கள்.

எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். நாங்கள் கேட்டோம். ஏழு மாதம் வீட்டில் இங்கிலீஷ் மட்டும். என் இங்கிலீஷ் ஆபீஸ் இங்கிலீஷ். மீட்டிங்கில் பேசத் தெரியும், பிள்ளையைக் கொஞ்சத் தெரியாது. குளிப்பாட்டும்போது, சாப்பாடு ஊட்டும்போது என் வாயில் தானாக வந்த பேச்சு நின்றுபோனது. தெரபிஸ்ட் தினமும் செய்யச் சொன்னது என்ன? செய்கிற வேலையை எல்லாம் பேசிக்கொண்டே செய்யுங்கள் என்பதுதான். அதை நான் தமிழில்தான் நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தேன். அதை நிறுத்திவிட்டு ஒரு நாளைக்கு நாற்பது வாக்கியம் இங்கிலீஷில் பேசினேன். காது சரியாகக் கேட்காத குழந்தைக்கு வீட்டில் பேச்சும் குறைந்துபோனால் என்ன ஆகும்? வீடியோ காலில் என் அம்மா கூப்பிட்டால் திரையைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. இருக்கிற கோளாறு அதனால் கூடுவதும் இல்லை. ஸ்பீச் தெரபிஸ்டுகளின் தொழில் அமைப்பான ஆஷாவே மொழி வேறுபாடு வேறு, மொழிக் கோளாறு வேறு என்று பிரித்துச் சொல்கிறது. இரண்டாவதாக வந்த தெரபிஸ்ட் இதை எங்களிடம் பொறுமையாக விளக்கினார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் தமிழ் எப்படி இயங்குகிறது என்று எங்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினார்.

அந்த நோட்டில் இருந்தவற்றில் மூன்று:

தமிழில் ப ஒன்றுதான். பாட்டியில் ஒரு மாதிரி ஒலிக்கும், அம்புவில் வேறு மாதிரி. க, ட, த எல்லாம் அப்படியே. இங்கிலீஷில் அந்த இரண்டு ஒலியும் வேறு வேறு எழுத்து. அதைக் குழப்பினால் அது தமிழ்க் காது, நோய் அல்ல.

நாம் சொல்லின் கடைசியில் ஒரு உகரம் சேர்ப்போம். பஸ்ஸு, காரு, பாலு. முதல் தெரபிஸ்ட் அதைத் தப்பு என்று குறித்து மதிப்பெண் குறைத்திருந்தார். வீட்டில் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம், பிள்ளை வேறு எப்படிப் பேசும்?

மூன்றாவதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. இங்கிலீஷில் ஒன்றா பலவா என்பதை ஒரு மெல்லிய 'ஸ்' சத்தம்தான் சொல்லும். மிக உயர்ந்த அதிர்வெண், மிகச் சன்னமான ஒலி. காது குறைந்த பிள்ளைகள் முதலில் தவறவிடுவது அதைத்தான். தமிழில் 'கள்' ஒரு முழு அசை. க்கு, இல், ஆல் என்று சொல்லின் பின்னால் ஒட்டுவது எல்லாமே உயிரொலியோடு கணீரென்று வரும். என் மகள் "பூனைகள்" சொல்லி ஐந்து மாதத்துக்குப் பிறகுதான் இங்கிலீஷ் 'ஸ்' வந்தது. பன்மை என்ற எண்ணம் அவளுக்குத் தமிழ் வழியாகத்தான் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன். மற்ற பிள்ளைகளுக்கும் அப்படியா, தெரியாது. என் வீட்டில் நடந்தது இது.

2024 பிப்ரவரி 15

மொழிபெயர்ப்பாளர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெடரல் பணம் வாங்கும் மருத்துவ இடங்கள் மொழி உதவி தர வேண்டும், அதற்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. சொந்த ஆளைக் கூட்டி வாருங்கள் என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. போன் வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார்கள். உங்களுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், சரி. ஆனால் சோதனை உங்களுக்கு இல்லை, பிள்ளைக்கு. அவன் தமிழில் என்ன சொல்கிறான் என்று பார்க்காமல் இங்கிலீஷ் மதிப்பெண்ணை மட்டும் எழுதினால் அந்த அறிக்கை அரைகுறை. இங்கிலீஷ் மட்டும் பேசும் பிள்ளைகளை வைத்து உருவாக்கிய மதிப்பெண் அட்டவணை அவனுக்குப் பொருந்தாது.

2024 பிப்ரவரி 18

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. மெடிக்கல் அசிஸ்டன்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். அது ஒரு வாசல். மூன்று வயது ஆகாத பிள்ளைக்கு ஏர்லி இன்டர்வென்ஷன் என்ற ஆரம்பகால உதவித் திட்டம், அது இன்னொரு வாசல். பென்சில்வேனியாவில் அதற்குக் குடும்பத்திடம் பணம் வாங்குவதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. காது கேளாமை இருந்தாலே தகுதி. டாக்டர் சீட்டு வேண்டாம், அப்பா அம்மாவே போன் செய்யலாம். நீங்கள் கூப்பிட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் மதிப்பீடு முடித்துத் திட்டக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது சட்டம். தெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார்.

உங்கள் மகனுக்கு 2 வயது 4 மாதம் என்பதால் சொல்கிறேன். மூன்று வயதில் அந்தத் திட்டத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றுவார்கள். மாற்றும் கூட்டம் மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்னால் நடக்க வேண்டும். கணக்குப் போட்டால் உங்களுக்குக் கையில் இருப்பது கொஞ்ச மாதம்தான். நாளைக்கே கூப்பிடுங்கள்.

பிறந்த 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் பயிற்சி தொடக்கம் என்று இங்கே ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். என் மகள் பிறந்தபோது முதல் சோதனையிலேயே தேறவில்லை. "காதில் தண்ணீர் இருக்கும், பிறகு பார்க்கலாம்" என்றார்கள். பிறகு என்பது 19 மாதம். யாரும் எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. வாயால் சொன்ன "கொஞ்சம் பொறுங்கள்" என்பதை எதிர்த்து அப்பீல் செய்வது கடினம். எழுதித் தந்த "இல்லை" என்பதை எதிர்த்துச் செய்யலாம். அதற்குப் பிறகு எங்கே போனாலும் எழுத்தில் கேட்கிறேன்.

2024 பிப்ரவரி 19

கம்பெனி இன்சூரன்ஸை ரத்து செய்ய வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். முதலில் கம்பெனி இன்சூரன்ஸ் தர வேண்டும், மிச்சத்தை மெடிக்கல் அசிஸ்டன்ஸ் பார்க்கும். ஆகவே கம்பெனி இன்சூரன்ஸ் "மெஷினுக்கு இல்லை" என்று அனுப்பும் காகிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். ஆடியாலஜிஸ்ட் பில் போடும்போது அதைத்தான் கேட்பார்.

முக்கியம்: அந்த ஆடியாலஜிஸ்ட் மெடிக்கல் அசிஸ்டன்ஸில் பதிவு செய்தவரா என்று முதலிலேயே கேளுங்கள். மெடிக்கல் அசிஸ்டன்ஸ் அட்டையான ஆக்சஸ் கார்டு கையில் இருந்தும் பதிவு இல்லாத இடத்துக்குப் போய் முழுப் பணமும் கட்டிய ஆள் நான்.

2024 மார்ச் 3

நீங்கள் இன்னும் கேட்காத ஒன்று. ஆனால் மூன்று வருடம் கழித்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

உங்கள் மகன் இப்போது எப்படித் தகுதி பெறுகிறான்? ஐந்து வயது வரைக்கும், இரண்டில் கூடுதலாகக் கேட்கும் காதில் சராசரி 50 டெசிபல் அல்லது அதற்கு மேல் குறை இருந்தால் போதும் என்கிறது சோஷியல் செக்யூரிட்டி பட்டியல். மெஷின் போடாமல் எடுத்த அளவுதான் கணக்கு. அவனுக்கு 55. சரி.

ஐந்து வயது ஆனதும் அந்த 50 எழுபது ஆகிவிடும். என் மகளின் ஐந்தாவது பிறந்தநாள் முடிந்து அடுத்த புதுப்பித்தலில் "குறைபாடு இல்லை" என்று கடிதம் வந்தது. காது அப்படியேதான் இருந்தது. கேக் வெட்டியதால் காது கேட்டுவிடுமா என்று கத்தினேன். யாரிடம் என்று நினைவில்லை, சுவரிடம்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நிதானமாக விதியைப் படித்தேன். 70 மட்டும் வழி இல்லை. 50 டெசிபல் அல்லது அதற்கு மேல் குறை, அதோடு பேச்சிலோ மொழியிலோ கணிசமான பின்னடைவு என்று காட்டினாலும் தகுதி உண்டு. சொல் சோதனையில் 40 சதவீதமோ அதற்குக் குறைவாகவோதான் சரியாக வருகிறது என்றாலும் உண்டு. எங்கள் கோப்பில் ஆடியோகிராம், அதாவது காது அளவுப் படம் மட்டும் இருந்தது, ஸ்பீச் அறிக்கை இல்லை. புதுப்பிக்கும்போது யாரும் கேட்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை.

அப்பீல் போட்டோம். இரண்டாவது தெரபிஸ்ட் புதிய அறிக்கை எழுதினார். பின்னடைவு இங்கிலீஷில் மட்டும் இல்லை, தமிழிலும் இருக்கிறது, ஆகவே இது மொழி வேறுபாட்டால் வந்ததல்ல என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். பிப்ரவரி 14-இல் சொன்ன அந்த நோட்டு அன்றைக்கு உதவியது. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டிருந்ததால்தான் இரண்டு மொழியிலும் அவளைச் சோதிக்க முடிந்தது. விசாரணை நாளுக்கு முன்பே அவர்களே முடிவை மாற்றிக் கடிதம் அனுப்பினார்கள்.

2024 மார்ச் 4

அப்பீல் நாட்கள் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சேவையை மறுப்பது மெடிக்கெய்டின் இன்சூரன்ஸ் பிளான் என்றால், கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் பிளானிடம் அப்பீல். அங்கேயும் இல்லை என்றால் ஃபேர் ஹியரிங் என்ற மாநில விசாரணை. ஆனால் நடந்துகொண்டிருக்கும் தெரபியை நிறுத்துகிறார்கள் என்றால் 60 நாள் உட்கார்ந்திருக்காதீர்கள். முடிவு வரும்வரை தெரபி தொடர வேண்டும் என்று கேட்க மிகக் குறைந்த நாட்கள்தான் தருவார்கள். அந்தத் தேதி கடிதத்திலேயே இருக்கும். கவரைப் பிரித்ததும் அந்த வரியைத்தான் முதலில் தேடுங்கள்.

2024 மார்ச் 17

பள்ளியில் ஸ்பீச் தெரபி கொடுக்கிறார்களே, பிறகு மெடிக்கல் அசிஸ்டன்ஸ் எதற்கு என்று ஒருவர். நியாயமான கேள்வி, எனக்கும் ஒரு வருடம் இந்தக் குழப்பம் இருந்தது. பள்ளி பார்ப்பது படிப்புக்குத் தேவையா என்பதை. மெடிக்கல் அசிஸ்டன்ஸ் பார்ப்பது மருத்துவத்துக்குத் தேவையா என்பதை. பள்ளியில் வாரம் அரை மணி நேரம் கிடைக்கிறது என்பதால் வெளியே தெரபி தேவையில்லை என்று தானாக ஆகிவிடாது. அப்படிச் சொன்னால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ரிமோட் மைக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் கழுத்தில் மாட்டிக்கொள்வது, குரல் நேராக மெஷினுக்கு வரும். வகுப்பு இரைச்சலில் மெஷின் மட்டும் போதாது. மெஷின் எல்லாச் சத்தத்தையும்தான் பெரிதாக்கும், நாற்காலி இழுக்கும் சத்தத்தையும் சேர்த்து. பள்ளித் திட்டத்தில் அதைப் பெயர் சொல்லி எழுத வையுங்கள்.

2024 மார்ச் 18

என் அம்மாவுக்குக் கிடைக்குமா, கிரீன் கார்டில் வந்திருக்கிறார், 68 வயது என்று கேட்டவருக்கு. பெரியவர்கள் கதை வேறு, நல்ல செய்தி குறைவு. கிரீன் கார்டு வாங்கிய பெரும்பாலான பெரியவர்களுக்கு முழு மெடிக்கெய்ட் கிடைக்க ஐந்து வருடம் ஆக வேண்டும். பெரியவர்களுக்குக் காது மெஷின் தருவது மாநிலத்தின் விருப்பம், பென்சில்வேனியா 21 வயதோடு நிறுத்திவிடுகிறது. 65 வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான சாதாரண மெடிகேரும் மெஷினுக்குப் பணம் தராது. 2022 அக்டோபரிலிருந்து லேசான, நடுத்தரக் குறைக்கு மருந்துச்சீட்டு இல்லாமல் கடையிலேயே மெஷின் வாங்கலாம். அம்மாவுக்கு அதை யோசிக்கலாம்.

அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். விலை குறைவு என்று யாரும் பிள்ளைக்கு வாங்கிப் போடாதீர்கள். பிள்ளையின் காதுத் துளை சின்னது, அதே சத்தம் உள்ளே கூடுதல் அழுத்தமாக விழும். ஆடியாலஜிஸ்ட் அளந்து பொருத்த வேண்டும்.

21 என்று எழுதும்போதே வயிற்றைப் பிசைகிறது. என் மகளுக்கு இன்னும் 13 வருடம். இருபதாவது வயதில் புது மெஷின் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று இப்போதே காலண்டரில் போட்டுவைத்திருக்கிறேன்.

2024 ஏப்ரல் 6

உங்கள் தகவல் பார்த்தேன். மெடிக்கல் அசிஸ்டன்ஸ் வந்துவிட்டது, மெஷின் பொருத்தியாயிற்று. மனசு நிறைந்துவிட்டது.

மெஷினைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறான் என்கிறீர்கள். முதலில் காதுக்குள் வைக்கும் அச்சு சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்த வயதில் காது வேகமாக வளரும், அச்சு லூசாகி விசில் அடித்தால் புதிது கேளுங்கள், அதுவும் கவரேஜில் வரும். பேட்டரி மூடி பூட்டும் வகைதானா என்று பாருங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

தினமும் காலையில் மெஷினை மாட்டியதும் ஆறு ஒலி: ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லுங்கள், அவன் திரும்புகிறானா பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் திடீரென்று திரும்பவில்லை என்றால் மெஷினிலோ காதிலோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். என் மகள் இப்போது அந்த ஆறையும் அவளே சொல்லி, அவளே "கேட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புகிறாள்.

2024 ஏப்ரல் 7

ஆமாம், "கேட்டுச்சு" தமிழில்தான் சொல்கிறாள். திங்கட்கிழமை உங்கள் வீட்டுக்கு வரும் தெரபிஸ்டிடம் அந்த 'கள்' விஷயத்தையும் உகரத்தையும் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நோட்டும் வாங்கி வைத்துவிடுங்கள்.